தொடர்கதை பாட்காஸ்ட்: நாலாவது எபிசோடோடு நின்றுபோவது ஏன்?

தமிழில் புனைகதைத் தொடரை பாட்காஸ்ட்டாகச் செய்கிறவர்கள் கூடிவருகிறார்கள். டிரெய்லர் வருகிறது, முதல் எபிசோடு வருகிறது, கேட்க நன்றாகவே இருக்கிறது. நாலாவதோ ஐந்தாவதோ வந்தபின் ஒன்றும் வருவதில்லை. கதையிலும் குரலிலும் குறை சொல்ல முடியாத தொடர்கள்கூட இப்படி நின்றுபோகின்றன. ஒவ்வொரு முறையும் காரணம் ஏறக்குறைய அதேதான் என்பதால் வருத்தம் இன்னும் அதிகமாகிறது. மின்விசிறியை அணையுங்கள், மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள் என்பதையெல்லாம் முதல் நாள் பதிவிலேயே யாரும் கற்றுக்கொள்வார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். தொடரை நிறுத்திவிடும் பெரிய தவறு முதலில், மற்ற தவறுகள் அதன்பின்.

பாதிக் கதையோடு வெளியீட்டைத் தொடங்குவது

"ரெண்டு எபிசோடு ரெடி. மீதியை வாராவாரம் பாத்துக்கலாம்." தொடரைச் சாகடிப்பது இந்த ஒரு முடிவுதான். வார இதழ்களில் தொடர்கதை அப்படித்தானே வந்தது என்று பதில் வரும். வார இதழில் எழுத்தாளர் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது. படம் வரையவும், பிழை திருத்தவும், அச்சடிக்கவும், கடைக்கு அனுப்பவும் சம்பளத்துக்கு ஆள் இருந்தது. பாட்காஸ்ட்டில் எழுத்திலிருந்து வெளியீடு வரை எல்லாமே இரண்டு மூன்று பேர் தலையில் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல குரல்களும் சவுண்ட் எஃபெக்டும் உள்ள ஒலிநாடகத்தில், முடிந்த ஒரு நிமிடத்துக்கு எடிட்டிங், ஒலி சேர்ப்பு, மிக்சிங் (எல்லா ஒலியையும் அளவு பார்த்துக் கலப்பது) எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 20 நிமிட எபிசோடுக்கு 20 மணி. எழுதவும் திருத்தவும் 6 மணி, நடிகர்களைக் கூட்டிப் பதிவு செய்ய 4 மணி. ஆக 30 மணி. வேலைக்குப் போகிற ஒருவர் வாரநாட்களில் தினம் 2 மணியும் ஞாயிற்றுக்கிழமை 5 மணியும் ஒதுக்கினால் வாரத்துக்கு 15 மணிதான் தேறும். கையில் இருந்த இரண்டு எபிசோடும் அடுத்தடுத்த வாரங்களில் போய்விடும். மூன்றாவது வெளியாக வேண்டிய நாளுக்குள் இரண்டு வார உழைப்பு, அதாவது 30 மணி, கிடைத்திருக்கும். அது மூன்றாவதுக்குச் சரியாகப் போகும். அடுத்த வாரமே நாலாவது வர வேண்டும். கையில் இருப்பதோ 15 மணி. காய்ச்சல், தீபாவளி, அலுவலகத்தில் கூடுதல் வேலை எதுவும் குறுக்கே வராமலேயே தொடர் அங்கே தடுக்கி விழுகிறது.

இது நேரத்தில் வரும் இழப்பு. பதிவில் வரும் இழப்பு இதைவிடப் பெரியது. தொடர் பத்து எபிசோடு என்று வைத்துக்கொள்வோம். பத்தின் வசனமும் கையில் இருந்தால் எபிசோடு வரிசையை மறந்துவிட்டு நடிகர் வாரியாகப் பதிவு செய்யலாம். இன்ஸ்பெக்டர் 2, 5, 9 ஆகிய மூன்று எபிசோடுகளில் மொத்தம் 30 வரி பேசுகிறார் என்றால் ஒரு பிற்பகலில் அவர் வேலை முடிந்துவிடும். வாராவாரம் எழுதினால் அதே 30 வரிக்கு அவரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். சம்பளமில்லாமல் நட்புக்காக நடிக்க வந்தவர் மூன்றாவது தடவை போனை எடுக்கத் தயங்குவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. வந்தாலும் அன்றைக்கு ஜலதோஷம், அறை வேறு, மைக்கிலிருந்து உட்கார்ந்த தூரம் வேறு. ஒரே காட்சியில் ஒட்டுப்போட்ட இடம் ஹெட்போனில் பளிச்சென்று கேட்கும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. நாயகியின் அண்ணனாக நடிப்பவருக்கு ஆறாவது எபிசோடுக்கு முன்னால் துபாயில் வேலை கிடைத்துவிடுகிறது. அவரை வைத்துத்தான் முடிச்சே போட்டிருப்பார்கள். வேறு வழியில்லாமல் ஒரு தொலைபேசி உரையாடலில் "அண்ணன் இறந்துட்டார்" என்று செய்தி வருகிறது. ஐந்து வாரம் கூடவே வந்த நேயருக்கு அந்தச் சாவு கதையிலிருந்து வரவில்லை என்பது உடனே புரிந்துவிடும். அதற்குப் பின் கதையில் எது நடந்தாலும் அவர் நம்பத் தயங்குவார்.

கதையிலும் இதே தொல்லைதான். ஏழாவதை எழுதும்போது, இரண்டாவது எபிசோடில் அந்தக் கடிதத்தைத் தங்கையும் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். தொடர் வெளியாகாமல் இருந்தால் ஒரு வரியைப் புதிதாகப் பதிந்து சேர்த்துவிடலாம். வெளியாகிவிட்டால் முடியாது. ஹோஸ்டிங் தளத்தில் (ஒலிக்கோப்புகளை ஏற்றி வைக்கும் இணையச் சேவை) கோப்பை மாற்றலாம்தான், ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கியவர் போனில் பழையதே இருக்கும். இந்த இடத்தில் பலர் எபிசோடையே நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் எபிசோடின் அடையாள எண் மாறி, செயலிகள் அதைப் புது எபிசோடாக எடுத்துக்கொள்ளும். ஏழாவதுக்காகக் காத்திருந்தவருக்கு "புதிய எபிசோடு" என்று அறிவிப்பு வந்து, திறந்தால் இரண்டாவது ஓடும். கோப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய பதிவுக்குள்ளேயே கோப்பை மட்டும் மாற்றுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. பத்து ஸ்கிரிப்டையும் முடியுங்கள். நடிகர்களை ஓரிடத்திலோ வீடியோ அழைப்பிலோ உட்காரவைத்து, கடிகாரத்தோடு ஒரு தடவை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். தாளில் 20 நிமிடம் என்று நினைத்தது 27 நிமிடம் ஓடும். வெட்ட வேண்டியதை அன்றைக்கே வெட்டுங்கள்.
2. காட்சிக்கு எண் கொடுங்கள். 5-3 என்றால் ஐந்தாவது எபிசோடு, மூன்றாவது காட்சி. கோப்புப் பெயரும் அதேபோல் இருக்கட்டும்: எண், பாத்திரத்தின் பெயர், எத்தனையாவது டேக்.
3. ஒவ்வொரு பதிவு அமர்விலும் யாரும் பேசாமல் 30 நொடி அறையின் வெறும் ஒலியைப் பதியுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடத்தை நிரப்ப அதுதான் உதவும். இதை மறந்தால் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி "பொக்"கென்று அறுந்து திரும்ப வரும்.
4. பத்துக்கும் குரல்பதிவு முடிந்து, ஆறு எபிசோடு முழுதாக மிக்ஸ் ஆனபின் டிரெய்லரை விடுங்கள்.

ஆறு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மிச்சம் நாலு எபிசோடு, தலைக்கு 20 மணி, மொத்தம் 80 மணி. வாரம் 15 மணி வீதம் ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஏழாவது எபிசோடு வெளியாவதே முதல் எபிசோடு வந்து ஆறு வாரம் கழித்துத்தான். நடுவில் ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் படுத்தாலும் நேயருக்குத் தெரியாது.

எழுதிக்கொண்டே போவதுதான் உங்களுக்கு ஒத்துவரும் என்றால் அதற்கேற்ற வடிவத்தை எடுங்கள். அமெரிக்காவின் 'வெல்கம் டு நைட் வேல்' 2012 ஜூனில் தொடங்கி, மாதத்தின் 1, 15 தேதிகளில் வந்து பழக்கமான தொடர். பாலைவனத்தில் ஒரு கற்பனை ஊர், அந்த ஊர் வானொலியின் செய்தி வாசிப்பு, பெரும்பாலும் ஒரே குரல். ஒவ்வொரு எபிசோடையும் தனியாகக் கேட்டாலும் புரியும். பத்துப் பேர் நடிக்கும் கொலைக்கதைக்கு அந்த வசதி கிடையாது. வாரம் ஒன்று என்பதும் கட்டாயமில்லை. 15 நாளுக்கு ஒன்று என்று சொல்லி, சொன்ன தேதியில் தந்தால் நேயர் காத்திருப்பார்.

"சீரியல்" என்று மாற்றாமல் விடுவது

ஹோஸ்டிங் தளத்தில் நிகழ்ச்சி வகை என்று ஓர் அமைப்பு இருக்கும். நீங்கள் மாற்றாவிட்டால் அது பெரும்பாலும் "எபிசோடிக்" (தனித்தனி எபிசோடு, புதியது முதலில்) என்றே இருக்கும். அப்படியே விட்டால் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் புதிதாக வருகிறவருக்கு எட்டாவது எபிசோடு முதலில் தெரியும், கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டுதான் கதைக்குள்ளேயே வருவார். "சீரியல்" என்று மாற்றி, சீசன் எண்ணையும் எபிசோடு எண்ணையும் நிரப்புங்கள். டிரெய்லருக்கு "டிரெய்லர்" என்ற வகையைக் கொடுங்கள். எல்லாச் செயலியும் இதை மதிப்பதில்லை என்பதால் தலைப்பிலும் எண் இருக்கட்டும். "முருகேசன் மரணம்" என்று கதையை முன்கூட்டியே உடைக்கும் தலைப்பு வைக்காதீர்கள்.

சினிமாப் பாட்டு

வேண்டாம், ஐந்து நொடிகூட. இத்தனை நொடிக்குள் என்றால் அனுமதி தேவையில்லை என்ற விதி இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது.

கண்ணுக்கு எழுதுவது

மழையின் ஒலியைப் படமில்லாமல் கேட்டால் வடைச்சட்டியில் எண்ணெய் பொரிவதும் அதுவும் ஒன்றுபோல இருக்கும். கைதட்டலும் அந்த வகைதான். ஒலி தொடங்குமுன் ஒரு வசனம் வழிகாட்ட வேண்டும்: "துணியெல்லாம் மாடியில கெடக்கு!" என்று ஒருத்தி ஓடினால் போதும், பின்னால் வருவது மழைதான். ஒலி முடிந்தபின் "ஓ, மழை பெய்கிறதே" என்று பாத்திரத்தைப் பேசவைத்தால் அது காட்சியாகவே நிற்காது.

ஒரு காட்சியில் நாலு குரலுக்கு மேல் போனால் கேட்பவர் தொலைந்துவிடுவார். கவிதா, கவின், கார்த்திகா என்று ஒரே மாதிரித் தொடங்கும் மூன்று பெயர் வைத்தால் காட்சியில் இரண்டே பேர் இருந்தாலும் தொலைந்துவிடுவார். குரல் தேர்வை வீடியோவில் செய்யாதீர்கள். ஒலிப்பதிவை மட்டும் அனுப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாகக் கேளுங்கள். வட்டார வழக்கு ஆளை அடையாளம் காட்ட நன்றாக உதவும். ஆனால் நெல்லைத் தமிழ் பேசும் பாத்திரத்துக்கு அந்தப் பக்கத்து ஆள்தான் வேண்டும். அந்த ஊர் நேயர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். உறவுமுறைகளும் இங்கே பெரிய துணை. "மதினி" என்று ஒருத்தி கூப்பிட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மிக்ஸ் முடிந்ததும் இரண்டு சோதனை. போனின் ஸ்பீக்கரில், பக்கத்தில் மிக்சி ஓடும்போது கேளுங்கள். பிறகு ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக் கேளுங்கள். சிறிய ஸ்பீக்கரில் ஆழமான உறுமல் ஒலி வெளியே வராது. ஆகவே கதையின் திருப்பம் தூரத்து வெடிச்சத்தத்தை நம்பியிருந்தால் பாதிப் பேருக்கு அது நடக்கவே இல்லை. ஒரு பாத்திரத்தை முழுக்க இடப்பக்கம் தள்ளி வைத்தால், வலக்காதில் கேட்கும் பேருந்துப் பயணிக்கு எதிராளி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். வசனத்தை நடுவிலேயே வையுங்கள். காலடி, கதவு போன்றவற்றை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒலியளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (LUFS, சராசரி ஒலியளவைக் காட்டும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். சராசரி இதைவிடக் குறைந்தால் சாலையில் கேட்காது.

அழுகைக்கு நடுவே சந்தா கேட்பது

கடைசி வரிக்குப் பின் ஐந்து நொடியாவது இசை ஓடட்டும். பிறகு பாத்திரமல்லாத ஒரு குரலில் ஒரே ஒரு வேண்டுகோள். ஃபாலோ பண்ணுங்கள், ரேட்டிங் கொடுங்கள், நண்பருக்கு அனுப்புங்கள், பணம் கொடுங்கள் என்று நான்கையும் கேட்டால் எதுவும் நடக்காது.

வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிட்டுப் போய்விடுவது

குழுவில் சேர்ந்தவரின் எண் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து பெண் நேயர்களுக்குத் தனிச்செய்திகள் வரத் தொடங்கும். அவர்கள் சொல்லாமல் விலகுவார்கள், கதையையும் சேர்த்தே விடுவார்கள். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் போதும், அதில் பின்தொடர்வோர் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. உரையாடல் வேண்டுமானால் எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதியுள்ள டெலிகிராமில் குழு வைத்து, எபிசோடு வெளியாகும் இரவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நியமியுங்கள். ஸ்பாய்லரை, அதாவது கதையின் திருப்பத்தை உடைக்கும் பேச்சை, முதல் மூன்று நாள் அனுமதிக்காதீர்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சாவி யார் கையில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று காட்சியைப் பிடித்துக் கேளுங்கள். பாதிப் பேர் தவறான ஆளின் பெயரைச் சொன்னால், நீங்கள் திட்டமிட்ட குழப்பமா அல்லது இரண்டு குரல்கள் ஒன்றுபோல் இருக்கிற குழப்பமா என்று பார்க்கலாம். பதிலைக் குரல்செய்தியாக அனுப்பச் சொல்லலாம். எபிசோடில் சேர்க்குமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கடிதம் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊரும் வாசிக்கப்படுமா என்று காத்திருந்தவர்கள் ஏராளம். அந்த ஆசை இன்றைய நேயருக்கும் இருக்கிறது. பெயரையும் ஊரையும் சரியாக உச்சரித்து வாசியுங்கள்.

நேயர் கேட்டபடி கதையை வளைப்பது

அவனைக் கொல்லாதீர்கள் என்று கேட்பார்கள். அவன் அவர்கள் மனதில் பதிந்துவிட்டான் என்பதுதான் அதற்குப் பொருள். முடிவை மாற்ற வேண்டியதில்லை. எங்கே புரியவில்லை, எங்கே தூக்கம் வந்தது என்று அவர்கள் சொல்வதை மட்டும் அடுத்த சீசனுக்குக் குறித்து வையுங்கள். நேயர்கள் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்ற வரைபடத்தை ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் தயாரிப்பாளருக்குக் காட்டுகின்றன. கடைசி ஒரு நிமிடச் சரிவு நன்றி அறிவிப்பால் வருவது, அதை விடுங்கள். முதல் எபிசோடிலிருந்து இரண்டாவதுக்குக் கூட்டம் குறைவதும் இயல்பு. இரண்டாவதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் பத்தாவதையும் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

சீசன் முடிந்ததும் காணாமல் போவது

ஒரு நிமிட அறிவிப்பு போதும்: முடிந்தது, அடுத்தது ஏறக்குறைய எந்த மாதம், அதுவரை எங்கே பேசலாம். தேதி உறுதியில்லை என்றால் தேதி சொல்லாதீர்கள். ஹோஸ்டிங் கட்டணத்தை நிறுத்தினால் பல தளங்களில் ஆர்எஸ்எஸ் (RSS) முகவரியே, அதாவது செயலிகள் உங்கள் எபிசோடுகளை எடுக்கும் இணைய முகவரியே, செத்துப்போகும், பின்தொடர்ந்தவர் அத்தனை பேரும் அதோடு போவார்கள். வேறு தளத்துக்கு மாறுவதாக இருந்தால் பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதியை இயக்குங்கள். திருப்பியபின் ஒரு மாதமாவது பழையதை மூடாதீர்கள். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம், குழுவில் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.