எலிப்பொறி என்னும் உருவகத்தை எழுத்தில் கையாள்வது எப்படி

எலிப்பொறியை உவமையாகவோ உருவகமாகவோ எழுத்தில் கொண்டுவர விரும்புபவர் முதலில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். பொறி வைத்தவர் அங்கே காத்திருப்பதில்லை. இரையை மாட்டி, கம்பியை இழுத்துக் கொக்கியில் நிறுத்திவிட்டு உறங்கப் போய்விடுகிறார். எலி தானாக வருகிறது, தானாக இரையைத் தொடுகிறது, அந்தத் தொடுதலே கொக்கியை விடுவிக்கிறது. ஆக, முன்கூட்டியே வைக்கப்பட்ட இரை, வைத்தவர் அருகில் இல்லாமை, அகப்படுபவரின் சொந்தச் செயலே பூட்டாக மாறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் எலிப்பொறி. சொல்ல வந்த நிகழ்ச்சியில் இந்த மூன்றும் இருந்தால் உருவகம் தானாகப் பொருந்திவிடும். ஏதேனும் ஒன்று இல்லையென்றால் தமிழில் அதற்கென வேறு சொல் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த வேறு சொற்களைப் பிரித்தறிவது இரண்டாவது வேலை. வலை என்றால் அதை வீசுவதற்கோ விரிப்பதற்கோ ஒருவர் வேண்டும். அது ஒரே நேரத்தில் பலரை அள்ளும். கண்ணிக்கு இரை கட்டாயம் இல்லை. வழக்கமான பாதையில் போகிறவரின் காலை அது பிடித்துக்கொள்ளும், அதனால்தான் மண்ணில் புதைத்த வெடிக்குக் கண்ணிவெடி என்ற பெயர் இயல்பாக அமைந்தது. குழி பறிப்பதில் துரோகம் முன்னே நிற்கிறது, ஆசை பின்னே போய்விடுகிறது. தூண்டிலில் இரை உண்டு என்றாலும் மறுமுனையில் ஒருவர் கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இழுப்பவர் அவரே. திருக்குறளில் இந்த வேறுபாடு மிகத் துல்லியமாகக் காக்கப்பட்டிருக்கிறது. சூதில் கிடைத்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டிற்பொன் போன்றது என்கிறது 931ஆம் குறள். எதிரே ஆள் அமர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு, ஆள் இருக்கும் கருவியே உவமையாகிறது. தவக்கோலத்தில் மறைந்து தீமை செய்பவனைப் பற்றிய 274ஆம் குறளிலோ, புதருக்குப் பின்னால் வேடன் மறைந்திருந்து பறவை பிடிக்கிறான். மறைந்திருக்கும் ஆள்தான் அங்கே பொருளே. இவ்விரண்டு இடங்களிலும் எலிப்பொறியை வைத்துப் பார்த்தால் உவமை உடனே தளர்ந்துவிடும்.

‘பொறி’ என்ற சொல்லைத் தனியாக எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. அது புலனையும் குறிக்கும், நெருப்புத் துகளையும் குறிக்கும், எந்திரத்தையும் குறிக்கும், முத்திரையையும் குறிக்கும். ‘அவருக்குப் பொறி தட்டியது’ என்றால் யோசனை பிறந்தது என்று பொருள். ‘பொறி கலங்கியது’ என்றால் நிலை தடுமாறியது என்று பொருள். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்கருவிகளை அடுக்கும் இடத்தில் வரும் ‘வளைவிற்பொறி’, தானே வளைந்து எய்யும் எந்திர வில்லைக் குறிக்கிறது. மனிதக் கை அருகில் இல்லாமலே இயங்குவது என்ற அந்தப் பழைய பொருள்தான் எலிப்பொறியிலும் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவே: முதல் முறை ‘எலிப்பொறி’ என்று முழுதாக எழுதி, படிப்பவர் மனத்தில் படிமம் ஊன்றிய பிறகு ‘பொறி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, எந்த வகைப் பொறி என்பதை எழுதுபவர் தமக்குள்ளாவது முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கூண்டுப்பொறியில் எலி உயிரோடு இருக்கிறது. உள்ளே போக எளிது, வெளியே வர வழியில்லை என்பதே அதன் செய்தி. திரும்ப முடியாத ஒப்பந்தம், விலக முடியாத பதவி, முடிவுக்குக் கொண்டுவர முடியாத போர் ஆகியவற்றுக்குக் கூண்டு பொருந்தும். பலகையில் கம்பி அடிக்கும் பொறியில் காத்திருப்பு என்பதே கிடையாது. ஒரு தொடுதல், ஒரு நொடி, எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு சொல்லால் வழக்கைத் தோற்ற சாட்சிக்கும், ஒரே ஒரு சொடுக்கில் வங்கிக் கணக்கை இழந்தவருக்கும் இது ஏற்றது. ஒட்டும் பசை தடவிய அட்டை மூன்றாவது வகை. அதில் துடிக்கத் துடிக்க எலி மேலும் ஒட்டிக்கொள்கிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குபவரின் நிலையை எழுத இதைவிடக் கூர்மையான படிமம் கிடைப்பது அரிது. ஆனால் அந்தத் துடிப்பு நீண்ட நேரம் நீடிக்கும் என்பதால் படிமத்தில் கொடுமையின் சாயல் கூடவே வந்துவிடும்; இந்தக் காரணத்துக்காகவே இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதி முதல் பொதுமக்கள் பசைப்பொறி வைப்பது குற்றமாக்கப்பட்டிருக்கிறது. வேடிக்கையான கட்டுரைக்கு அது ஆகாது.

வகையைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பிறர் எழுதியவற்றையும் சரியாகப் புரிந்துகொள்ளலாம். ‘முதலில் ஓடும் எலி செத்துப்போகிறது, இரண்டாவது எலிக்கே பாலாடைக்கட்டி கிடைக்கிறது’ என்று வணிகப் பேச்சாளர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி சொல்வார்கள். சந்தையில் முந்துகிறவருக்கு இழப்பு, பின்தொடர்பவருக்கு இலாபம் என்பது அதன் கருத்து. கம்பிப்பொறியில் மட்டுமே இது உண்மை. கூண்டுப்பொறியில் கதவு விழுந்துவிட்டால் இரண்டாவது எலி வெளியே நின்று வாசனை பிடிப்பதோடு சரி. இத்தனைக்கும், எலிக்குப் பாலாடைக்கட்டி மீது தனி மோகம் எதுவும் இல்லை. அது தானியத்தையும் விதைகளையும் அதிகம் விரும்பும்.

இந்த உருவகத்தை மிகத் திறமையாகக் கையாண்ட பழைய எடுத்துக்காட்டு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இருக்கிறது. தன் தந்தையைக் கொன்றவர் சித்தப்பனாகிய அரசரே என்று ஐயுறும் ஹாம்லெட், அதே போன்ற ஒரு கொலையைக் காட்டும் நாடகத்தை அரசவையில் நடிக்கச் செய்கிறான். நாடகத்தின் பெயர் என்ன என்று அரசர் கேட்கும்போது, அதன் உண்மையான பெயரைச் சொல்லாமல் ‘எலிப்பொறி’ என்கிறான். அது உருவகமாகச் சொன்ன பெயர் என்றும் சேர்த்துச் சொல்கிறான். பிறகு அவன் அரசரைத் தொடவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. மேடையில் காதில் நஞ்சு ஊற்றப்படும் கட்டம் வந்ததும் அரசர் தாமாகவே எழுந்து, விளக்கு கேட்டு, அவையைவிட்டு வெளியேறுகிறார். அந்த எழுச்சியே ஹாம்லெட்டுக்குச் சான்றாகிவிடுகிறது. பொறியை அமைத்தவன் சும்மா இருக்க, அகப்படுபவரின் அசைவே கதவை மூடுகிறது என்ற இலக்கணம் இங்கே முழுமையாக நிறைவேறுவதைப் பார்க்கலாம். 1952இல் இலண்டனில் தொடங்கி எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நடிக்கப்பட்டுவரும், துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகத்துக்கும் இந்தக் காட்சியிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டது.

சமயச் சொற்பொழிவிலும் இதே இலக்கணம் பயின்று வந்திருக்கிறது. 430இல் மறைந்த கிறித்தவ இறையியலாளர் புனித அகுஸ்தீனார், ஆண்டவரின் சிலுவை சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்றும், அவருடைய மரணமே அதில் வைத்த இரை என்றும் பேசினார். கொல்வதில் மகிழ்ந்த சாத்தான் அந்த மகிழ்ச்சியாலேயே அகப்பட்டான் என்பது அதன் உட்பொருள். நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டின் மெரோட் பலிபீட ஓவியத்தில், இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் தச்சருமாகிய சூசையப்பரின் பட்டறையில் மேசைமேல் ஒரு பொறியும் சன்னல் பலகையில் ஒன்றும் காணப்படுகின்றன. கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ 1945இல் அவற்றை அகுஸ்தீனாரின் உருவகத்தோடு இணைத்து விளக்கினார். இதில் எழுதுபவர் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொதுவாக எலியின் மீது இரக்கமும் பொறி வைத்தவர் மீது வெறுப்பும் பிறக்கும். இங்கே எலியின் இடத்தில் தீயவனை நிறுத்தியதால் வாசகரின் சார்பு தலைகீழாக மாறிவிடுகிறது. யாரை எலியாக்குகிறோம் என்பதே கட்டுரையின் தீர்ப்பாகிவிடும்.

எலிப்பொறி என்ற சொல் சூழ்ச்சியைக் குறிக்காத இடங்களும் இருக்கின்றன; மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும். ‘மேலான எலிப்பொறியைச் செய், உலகம் உன் வாசலுக்கு வழி போட்டு வரும்’ என்ற கருத்துடைய ஆங்கில வாசகம் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனுடையதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1855இல் தம் நாட்குறிப்பில் எழுதியதில் நல்ல தானியம், மரம், பலகை போன்றவற்றை விற்பவரின் வீட்டுக்குக் கெட்டிப்பட்ட பாதை உண்டாகும் என்ற கருத்து மட்டுமே இருக்கிறது, எலிப்பொறி இல்லை. அவர் 1882இல் மறைந்த பிறகு, 1889இல் அச்சான தொகுப்பு ஒன்றில் அது எலிப்பொறியோடு காணப்படுகிறது. நாம் இன்று அறிந்த தட்டைப் பலகைக் கம்பிப்பொறிக்கு வில்லியம் ஹூக்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதோ அதற்கும் பின்னால், 1894இல். அந்த வாசகத்தில் எலிப்பொறி என்பது எளிய பொருள் ஒன்றின் மேம்பட்ட வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. ‘அந்த நிறுவனம் மேலான எலிப்பொறியைக் கண்டுபிடித்துவிட்டது’ என்று அப்படியே தமிழில் எழுதினால், வாடிக்கையாளரை ஏமாற்றப் புதிய வழி கண்டுபிடித்தது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். ‘பழைய பொருளையே இன்னும் திறம்படச் செய்தார்கள்’ என்று பொருளை எழுதுவதே முறை.

அறிவியல் எழுத்தில் இரண்டு தனி வழக்குகள் உண்டு. அணுப்பிளவின் தொடர்வினையை விளக்க, இழுத்து நிறுத்திய பல பொறிகளின்மேல் மேசைப்பந்துகளை வைத்து, அவற்றின் நடுவே ஒரு பந்தைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் எலியும் இல்லை, இரையும் இல்லை, தேங்கிய ஆற்றல் மட்டுமே பொருள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹி 1996இல் வெளியிட்ட நூலில், ஐந்து பாகங்களில் ஒன்றை எடுத்தாலும் எலிப்பொறி வேலை செய்யாது என்பதைக் காட்டி, சில உயிரியல் அமைப்புகளும் அப்படிப்பட்டவையே, ஆகவே அவை படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்று வாதிட்டார். பாகங்கள் குறைந்த பொறியும் ஓரளவு வேலை செய்யும் என்று உயிரியலாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதத்தைத் தமிழில் எழுதுகிறவர் ‘பொறியில் சிக்குதல்’ என்ற வழக்கை அதே பத்தியில் கலக்காமல் இருப்பது நல்லது.

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் உள்ளே விட்டு, பிறகு பக்கவாட்டில் இருந்து மோதும் உத்திக்கும் எலிப்பொறி என்ற பெயர் வழங்கியது. இணையத்தில், மூடினாலும் பின்னே போனாலும் மீண்டும் மீண்டும் புதிய சாளரங்களைத் திறந்து பயனரை வெளியேற விடாத தளங்களின் தந்திரத்தையும் அப்படியே அழைத்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001இல் இதற்காக வழக்கே தொடுத்தது. பிரிட்டனில் மலிவான, சுவையற்ற பாலாடைக்கட்டியை எலிப்பொறிப் பாலாடைக்கட்டி என்பார்கள். தமிழில் ‘மட்டமான பாலாடைக்கட்டி’ என்றாலே போதும்.

வினைச்சொல்லில் கவனம் தவறினால் நல்ல உருவகமும் கெட்டுவிடும். பொறி வைக்கப்படும், வலை வீசப்படும் அல்லது விரிக்கப்படும், குழி பறிக்கப்படும். எலி பொறியில் சிக்கும், அகப்படும், மாட்டிக்கொள்ளும். யாரும் அதைப் பொறிக்குள் தள்ளுவதில்லை. தள்ளினால் இரைக்கு வேலை இல்லை. கையூட்டு வாங்குபவரைப் பிடித்த செய்தியில் ‘பொறி வைத்துப் பிடித்தனர்’ என்று நாளிதழ்கள் எழுதுவது, அதிகாரிகள் அருகில் மறைந்திருப்பதால் வேடனின் சாயலைக் கொண்டிருந்தாலும், பணத்தை நோக்கி நீளும் கை குற்றவாளியின் சொந்தக் கை என்பதால் பொருந்தவே செய்கிறது. மாறாக, மருத்துவச் செலவுக்கு வேறு வழியின்றிக் கடன் செயலியை நாடியவரை ‘பேராசையால் எலிப்பொறியில் விழுந்தார்’ என்று எழுதுவது அநியாயம். இந்த உருவகம் அகப்பட்டவரை எலியாக்கி, அவருடைய ஆசையைக் குற்றமாக்குகிறது. தேவை துரத்தியவருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்க்கலாம். ‘இலவசம் என்ற வலையை வீசி வாடிக்கையாளர்களை எலிப்பொறிக்குள் தள்ளுகிறது இந்தச் சந்தா முறை’ என்பதில் வலையும் பொறியும் மோதுகின்றன, தள்ளுதல் இரையை வீணாக்குகிறது, எந்த வகைப் பொறி என்பதும் தெரியவில்லை. இரையைப் பெயர் சொல்லிக் காட்டி, மூடும் கணத்தை அகப்படுபவரின் செயலில் வைத்து, கூண்டு வகையைத் தேர்ந்தெடுத்தால் அது இப்படி அமையும்: ‘முதல் மாதம் இலவசம் என்பது கூண்டுக்குள் வைத்த இரை, அட்டை எண்ணைப் பதிவு செய்யும் விரலே கதவைச் சாத்திவிடுகிறது, பிறகு சந்தாவை நிறுத்தும் பொத்தானைத் தேடுவதிலேயே மாதங்கள் கழிகின்றன.’ இதில் ‘எலி’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்கவும். படிமம் சரியாக அமைந்துவிட்டால் வாசகரை எலி என்று அழைக்காமலே விட்டுவிடலாம்.