ஆடியது ஸ்கோப், சிதறியது குண்டு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்கள் தூக்கிய லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி) சாயலில் ஒரு ஏர் ரைபிள் என்னிடம் இருக்கிறது. அசலுக்கு .303 தோட்டா, 3.5 மடங்கு பெரிதாகக் காட்டும் நம்பர் 32 ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. என்னுடையது .177 அங்குல ஈயக் குண்டு போடும் ஸ்பிரிங் ரகம்.

கடலூரில் எங்கள் தோப்பில் மணல் மூட்டை அடுக்கி, 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டேன். ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. "அண்ணே, கொசுவலையா நெய்யுறீங்க?" என்றான் தம்பி.

ஸ்கோப் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தது என் முட்டாள்தனம். சிதறுகிற துப்பாக்கிக்குக் குறியை நகர்த்தி என்ன பயன்? விரலால் தள்ளிப் பார்த்தால் ஸ்கோப்பே மயிரிழை ஆடுகிறது. அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்ட் ஸ்குரூ எல்லாம் உப்புக்காற்றில் துரு. துடைத்து, மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினேன். சிதறல் பாதியானது.

மீதிக் கோளாறு என் பிடியில். குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே ஸ்பிரிங் உதைக்கும். மூட்டைமேல் அழுத்தினால் எகிறும். மூட்டைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இடது உள்ளங்கையைக் கொடுத்து, துப்பாக்கியைத் தளர்வாகக் கிடக்க விட்டேன். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன, குறிக்கு இரண்டு விரற்கடை இடப்பக்கம். சரி, அப்புறம்தான் குமிழுக்கு வேலை வந்தது.