கடல்நீர் உறிஞ்சும் வாய் அடைக்காமலிருக்க

பினாங்கில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். படகின் அடியிலுள்ள வாய் வழியாகக் கடல்நீரை உறிஞ்சித்தான் எஞ்சின் சூடு தணிகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். வெறும் புகை மட்டும் வந்தால் உடனே அணையுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் சீக்கிரமே கிழிந்துவிடும். உடைந்த இதழ்கள், எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் மாட்டிக்கொள்ளும். எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடுங்கள்.

வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தால், எஞ்சின் நின்று உறிஞ்சல் போனதும் பல நேரம் தானே விழுந்துவிடும். உள்ளே வரும் கடல்நீரை வடிக்கும் வடிகட்டியைத் திறக்குமுன், படகின் அடியில் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள அடிவால்வை மூடுங்கள். ஒருமுறை என் வடிகட்டிக் கூடையில் சொறிமீன் கஞ்சிபோல் அப்பியிருந்தது, நடுவில் ஒரு மிட்டாய்க் காகிதம். மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்துச் சரியாக உட்கார வையுங்கள். அதில் காற்று இழுத்தாலும் தண்ணீர் ஏறாது.

ஓடாமல் நிற்கும் படகுக்குத்தான் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) பெரிய ஆபத்து. குழாய்க்குள்ளேயே ஒட்டி வளர்ந்து வழியைச் சுருக்கிவிடும். மாதம் ஒருமுறை நான் மூழ்கி மரக்குச்சியால் சுரண்டுகிறேன். அப்போது எஞ்சின் சாவி என் மனைவி கையில் இருக்கும். வெளியே சல்லடை போடுவதானால் கழற்றக்கூடியதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சுரண்ட வழியில்லை. மாற்று இம்பெல்லர் இரண்டு எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.