ஆராய்ச்சிப் பணம் எதற்குப் போகலாம்: டெல்டாவில் கருத்துக் கேட்கும் விதம்

வளரும் நாடுகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் சில, முன்கூட்டியே அந்தந்த நாட்டு மக்களிடம் என்ன தேவை என்று கேட்பதுண்டு. அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால், முதலில் தஞ்சாவூர் ஓட்டல் அரங்கத்தை மறந்துவிடுங்கள், அங்கே வருகிறவர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர்கள்தான்.

காலம் பார்த்துப் போங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி, நாற்றங்காலில் நிற்பவரிடம் கேள்வித்தாளை நீட்டினால் என்ன பதில் வரும்? சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்கும்போது போனால் பேச நேரமும் இருக்கும், கோபமும் இருக்கும்.

"எந்த ஆராய்ச்சி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் எதில் அடி வாங்கினீங்க?" என்று கேளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பிவிட்டார்கள் என்பார் ஒருவர். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் உலர்த்தி எது என்ற ஆராய்ச்சிக் கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். கடைமடையில், வேதாரண்யம் பக்கம், உப்புத் தண்ணீர்ப் பேச்சு வரும்.

நடவுக்குப் போகும் பெண்களைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். பட்டா வைத்திருப்பவர் பட்டியலை மட்டும் நம்பினால் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள்.

அப்புறம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு எட்டு விசாரித்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சிஆர் 1009 சப்1 என்ற நெல் ரகம் ஏற்கெனவே இருக்கும்போது அதையே புதுசாகக் கேட்டு எழுதுவது வீண். விதை ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்டால் அது வேறு ஆராய்ச்சி. அறிக்கையை அனுப்பும் முன் தமிழில் அதே ஊரில் வாசித்துக் காட்டுங்கள், திருத்துவார்கள்.