குதிரை குட்டி வீசினால் செய்யக் கூடாதவை

பெட்டைக் குதிரை மாதம் நிறையுமுன்னே குட்டியை வீசிவிட்டால் நம்மூர்க் கொட்டில்களில் முதலில் தேடப்படுவது மண்வெட்டி. விடியும் முன்னே குழி தோண்டி, செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் புதைத்து, தரையைக் கழுவிவிட்டு, “கண்ணு பட்டுட்டு அண்ணாச்சி” என்று முடித்துவிடுவார்கள். எதனால் போனது என்று சொல்லக்கூடிய தடயமும் அந்தக் குழிக்குள் போய்விடும். பக்கத்தில் இன்னொரு சினைக்குதிரை நிற்கும்போது இதைவிடப் பெரிய தவறு இல்லை.

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். ஏழு மாதம் தாண்டியபின், எந்த முன்னறிகுறியும் காட்டாமல், அழுகாத புதுக் குட்டியாக விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குதிரை ஹெர்பிஸ் வைரஸ். மாட்டில் கன்றுவீச்சு என்றதும் புருசெல்லா என்ற பாக்டீரியா நினைவுக்கு வரும். குதிரையில் அது முதல் சந்தேகம் அல்ல. ஹெர்பிஸா, பாக்டீரியாவா, எலிக்காய்ச்சல் கிருமியா, அல்லது தொற்றே இல்லாமல் வயிற்றில் இரட்டைக் குட்டியா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. குட்டியின் நுரையீரலும் கல்லீரலும் நஞ்சுக்கொடியும்தான் சொல்லும்.

அதனால் கையுறை போட்டுக்கொண்டு, குட்டியையும் நஞ்சுக்கொடி முழுவதையும் கெட்டியான இரட்டைப் பையில் கட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள், உறைந்த திசு ஆய்வுக்குச் சரிப்படாது. கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் சரி, திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோனாலும் சரி. பசுவின் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கத்தைச் சிலர் குதிரைக்கும் செய்கிறார்கள். குட்டி வீசிய குதிரையின் நஞ்சை அப்படித் தொங்கவிட்டால் காக்காயும் நாயும் கிருமியை ஊர் முழுக்கப் பரப்பிவிடும்.

நஞ்சு விழவில்லை என்றால், பசுவைப்போல மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. குதிரைக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் உள்ளே தங்கினால் கருப்பையில் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, குளம்பழற்சி வந்து, நடந்துகொண்டிருந்த குதிரை படுத்துவிடும். கையைவிட்டு இழுக்கவும் கூடாது. தொங்குகிற நஞ்சைக் குதிரை மிதிக்காதபடி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு மருத்துவரை வரச்சொல்லுங்கள்.

பயந்துபோய் மற்ற சினைக்குதிரைகளை அம்பாசமுத்திரத்திலோ முக்கூடலிலோ உள்ள சொந்தக்காரர் தோப்புக்கு ஏற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் ஹெர்பிஸ் உள்ளே நுழைந்து பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் குட்டி விழும். நேற்றுவரை ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தவை இன்று வேறு ஊருக்குப் போனால் நோயும் கூடவே போகும். குறைந்தது 28 நாள் எந்தக் குதிரையும் வெளியே போகவும் வேண்டாம், உள்ளே வரவும் வேண்டாம். வீசிய குதிரையைத் தனியே கட்டுங்கள். தீவனம் வைக்கிற ஆள் முதலில் சினைக்குதிரைகளிடமும் கடைசியில் அதனிடமும் போகட்டும். அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு.

கழுவுவதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. சாணமும் நனைந்த வைக்கோலும் கிடக்கிற தரைமேல் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அழுக்கின்மேல் விழுந்த மருந்துக்கு வேகம் இல்லை. வைக்கோலை எரித்து, தரையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் மருந்து அடிக்க வேண்டும்.

இதெல்லாம் வீசியபின் வருகிற தவறுகள். முன்னாலேயே நடக்கிறவற்றில் பெரியது, வண்டிப் பந்தயத்துக்குப் போய்வந்த குதிரையையும், அந்தியூர்ச் சந்தையில் வாங்கிவந்த புதுக் குதிரையையும் வந்த அன்றே சினைக்குதிரைக்குப் பக்கத்தில் கட்டுவது. மூன்று வாரமாவது தள்ளிக் கட்டி, தினமும் காய்ச்சல் பாருங்கள். இளங்குட்டிகளையும் சினைக்குதிரைகளோடு சேர்க்காதீர்கள். சளியோடு அலைகிற குட்டி ஹெர்பிஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஒருமுறை தொற்றியது உடம்பைவிட்டுப் போவதும் இல்லை. நீண்ட லாரிப் பயணம், இடமாற்றம் என்று குதிரை அலைக்கழிந்தால் தூங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி எழும்பும்.

தடுப்பூசியைச் சினையின் 5, 7, 9-ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தியாவிலேயே இதற்கு ஊசி உருவாக்கியிருக்கிறது. ஊசி போட்டாயிற்றே என்று மற்றதை விடக் கூடாது. அது ஆபத்தைக் குறைக்கும், அடியோடு தடுக்காது.

எட்டாம் மாதத்திலேயே மடி இறங்கி, காம்பில் பால் சொட்டினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். மடி பெருக வேண்டியது கடைசி மூன்று நான்கு வாரத்தில். முன்கூட்டியே பெருகினால், பிறப்புறுப்பு வழியாக ஏறிய பாக்டீரியா நஞ்சுக்கொடியைப் பிடித்திருக்கக்கூடும். வாலடியிலும் தொடையிலும் பிசுபிசுப்பாக ஏதாவது காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகையில்தான் நேரத்தோடு ஸ்கேன் பார்த்து மருந்து கொடுத்தால் குட்டியைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்வரப்பில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். தீவன மூட்டைக்குள் எலியையும் விடாதீர்கள். எலி மூத்திரத்தில் இருக்கிற லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி குட்டியையும் வீசவைக்கும், குதிரைக்காரரையும் படுக்கவைக்கும். 2001-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஏராளமான குதிரைகள் சினை இழந்ததற்குப் புல்லோடு உள்ளே போன கம்பளிப்பூச்சிகள் காரணமாயின. அந்தப் பூச்சி வேறு, நம் முருங்கைக் கம்பளிப்பூச்சி வேறு. ஆனாலும் பூச்சி அப்பிய முருங்கையடியில் சினைக்குதிரையை ஏன் கட்ட வேண்டும்?

சினை போன குதிரையை உடனே பொலிக்கு விட அவசரப்படுவதும் உண்டு. கருப்பை ஆறியதா என்று பார்க்காமல் சேர்த்தால் கிருமி தங்கிவிடும். நாற்பது நாளுக்குமேல் வளர்ந்த கரு போயிருந்தால் குதிரை பருவத்துக்கு வராமல் இழுத்தடிக்கும். கருப்பையில் உண்டான சுரப்புக் கிண்ணங்கள் (சினைக்கால ஹார்மோனைச் சுரக்கும் சிறு கிண்ணம் போன்ற திசுக்கள்) கரு போனபிறகும் ஏறக்குறைய 120-ஆம் நாள்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தச் சுரப்பை வைத்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, காலியான வயிற்றையும் சினை என்றே காட்டும். ஆகவே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஸ்கேன் பாருங்கள்.