கண்ட்ரோல் ரூம் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு அணுமின் நிலையப் பயிற்சியில் இருக்கும் பையன்கள், லீவுக்கு ஊர் வந்தால் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்காருவார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துகளைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். நைட் ஷிப்டுக்கு முன்னால் தூங்கு, செல்போனை வெளியே வை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஒற்றை விளக்கை நம்புவது

"வால்வு மூடியாச்சா தம்பி?"

"லைட் அணைஞ்சிருச்சு ஐயா, மூடியாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும் பதில் இது. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தமா?

1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் இரண்டாவது உலை. உலையைக் குளிர்விக்கும் நீரின் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் தொட்டிதான் பிரஷரைசர். அதன் மேலிருந்த, அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும் ரிலீப் வால்வு திறந்தது, திரும்ப மூடவில்லை. பேனலில் விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. வால்வைத் திறக்கும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதைத்தான் அது காட்டியது. வால்வு எந்த நிலையில் நிற்கிறது என்பதை அல்ல. வால்வை அடுத்த குழாயில் வெப்பம் அதிகம் காட்டியது. அந்த வால்வு ஏற்கெனவே கசிகிற வால்வு, அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டார்கள். வால்விலிருந்து வெளியேறுவது போய்ச் சேரும் வடிகால் தொட்டியின் அழுத்தம் காட்டும் மீட்டரோ பேனலுக்குப் பின்பக்கம் இருந்தது.

அழுத்தம் இறங்குகிறது, பிரஷரைசர் மட்டமோ ஏறுகிறது. மட்டம் ஏறினால் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று எண்ணி, அவசரத்துக்கு உள்ளே போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் குறைத்தார்கள். உள்ளே நீர் கொதித்து ஆவியாகி, அதுதான் மட்டத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, பின்னாலிருந்த தடுப்பு வால்வை மூடினார்கள். கடைசியில் எரிபொருளில் பாதியளவு உருகிப்போனது.

இத்தனையும் பாடமாகப் படித்த பையன்தான், சிமுலேட்டரில், அதாவது பயிற்சிக்கான மாதிரி கண்ட்ரோல் ரூமில், இதே கோளாறைப் போட்டால் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு பம்ப்பைக் குறைக்கக் கை நீட்டுகிறான். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும், நாம் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம்? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பம்ப்பையும் தொடாதீர்கள்.

உலை நின்றதும் மூச்சு விடுவது

கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். நிறுத்திய கணத்தில்கூட அதில் 6 சதவீதத்துக்கு மேல் சிதைவு வெப்பம் வரும், அதாவது எரிபொருளில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் தொடர்ந்து சிதைவதால் வரும் வெப்பம். கிட்டத்தட்ட 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் பத்து மெகாவாட்டுக்குக் குறையாது. குளிர்விப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டீ அப்புறம் குடிக்கலாம்.

அலாரத்தைப் படிக்காமல் சத்தத்தை அடக்குவது

முதலில் படி, அப்புறம் அழுத்து.

உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் ஸ்விட்சில் கை வைப்பது

வைக்காதே.

மீட்டரைப் பார்க்காமல் லாக் (ரீடிங் பதிவேடு) எழுதுவது

போன மணி நேரத்து ரீடிங்கைப் பார்த்து கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுகிறவனை ஷிப்டு இன்சார்ஜ் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஒரே வரியில் பத்து எண்கள் அவ்வளவு ஒழுங்காக நிற்காது.