ஒமாஹா பேஸ்பால்: புதிதாகப் பார்ப்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

2023 ஜூன் 19. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திடம் 3-2 எனத் தோற்றது. சரி, இவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று டிவியை அணைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது அதே எல்.எஸ்.யூ.தான்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் ஆண்டிறுதிப் போட்டியான காலேஜ் வேர்ல்ட் சீரிஸைப் புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: தோற்றவர் வெளியே என்று நினைப்பது. மொத்தம் 64 அணிகள். நான்கு நான்காகப் பிரித்து 16 ஊர்களில் ரீஜனல். அதில் ஜெயித்த 16 அணிகளும் ஜோடி ஜோடியாக, மூன்றுக்கு இரண்டு (மூன்று ஆட்டத்தில் இரண்டை முதலில் ஜெயிப்பவர் வெற்றி) என்று சூப்பர் ரீஜனல் ஆடும். மிஞ்சும் எட்டு அணிகளுக்குத்தான் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரம். அங்கே மறுபடி நான்கு நான்காக இரண்டு பிரிவு. ரீஜனலைப் போலவே இங்கும் இரண்டாவது தோல்விதான் வீட்டுக்கு அனுப்பும். பிரிவுக்கு ஒரு அணி மிஞ்சி, பைனலில் மூன்றுக்கு இரண்டு.

ஆனால் தோற்றவருக்கு வழி கரடுமுரடானது. எல்.எஸ்.யூ. மறுநாள் டென்னஸியை வீழ்த்தியது. அதற்கடுத்த இரண்டு நாளும், ஒமாஹாவில் அதுவரை தோற்காத வேக் ஃபாரஸ்ட்டையே தொடர்ந்து இரண்டு முறை ஜெயிக்க வேண்டியிருந்தது. மொத்தம் நான்கு நாளில் நான்கு ஆட்டம். இங்கேதான் பிட்சர் (பந்து வீசுபவர்) கணக்கு வருகிறது. நன்றாக வீசிய கைக்கு நாலைந்து நாளாவது ஓய்வு வேண்டும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு, யார் எந்த நாளில் எத்தனை பந்து வீசினார் என்று பார்க்காமல் விட்டால் பாதி ஆட்டம் புரியாது. அந்த இரண்டில் கடைசி ஆட்டத்தில், 22ஆம் தேதி, எல்.எஸ்.யூ. பிட்சர் பால் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை (வழக்கமாக ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). எதிரணியின் ரெட் லவ்டரும் ஏழு இன்னிங்ஸ் அப்படியே. 11ஆவது இன்னிங்ஸில் எல்.எஸ்.யூ.வின் டாமி ஒயிட் அடித்த ஹோம் ரன்னில் (பந்து எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) 2-0. அதோடு ஸ்கீன்ஸின் வேலை முடிந்தது. பைனலில் ஒரு பந்துகூட வீசாமலே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

அப்புறம், நெட் ரன் ரேட் பழக்கம். எத்தனை ரன்னில் ஜெயித்தாலும் இங்கே அது ஒரு வெற்றி, அவ்வளவுதான். அந்த பைனலின் இரண்டாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடா எல்.எஸ்.யூ.வை 24-4 என்று நொறுக்கியது. கை நழுவிய ஆட்டத்தில் எந்தப் பயிற்சியாளரும் நல்ல பிட்சரைச் செலவழிக்க மாட்டார். மறுநாள் எல்.எஸ்.யூ. 18-4 என்று ஜெயித்தது.

முதலிட அணியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் கூடாது. 1999இல் மயாமி ஜெயித்த பிறகு, முதலிடத்தில் வரிசைப்படுத்தப்பட்ட அணி மறுபடி பட்டம் வாங்க 2024இல் டென்னஸி வரவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு முதலிடத்தில் இருந்த வாண்டர்பில்ட் ஒமாஹாவையே பார்க்கவில்லை, சொந்த ஊர் ரீஜனலிலேயே காலி.

பழைய ஸ்கோர்களோடு இன்றைய ஆட்டத்தை ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 1998 பைனல் 21-14. அப்போது ஒமாஹாவின் பழைய ரோசன்பிளாட் மைதானம், பந்து சீறிப் பறக்கும் உலோக மட்டை. 2011இல் இரண்டுமே மாறின. மட்டையின் துள்ளலுக்குக் கட்டுப்பாடு வந்தது. போட்டி புது மைதானத்துக்குப் போனது. அங்கே நடு எல்லை 408 அடி. 2014 தொடர் முழுக்க மூன்றே ஹோம் ரன். அடுத்த ஆண்டு பந்தின் தையலைத் தாழ்த்திய பிறகுதான் பந்து கொஞ்சம் தூரம் போக ஆரம்பித்தது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ‘விமன்ஸ் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்’ என்று போட்டிருந்தால் அது ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் சாஃப்ட்பால். ஒமாஹாவில் மாலை ஆறு மணி என்றால் இந்தியாவில் மறுநாள் விடிகாலை நாலரை. தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பைனலின் மூன்றாவது ஆட்டம் தேவைப்பட்டால்தான் உண்டு, அதை நம்பி மட்டும் விமான டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக, இரண்டு அவுட் ஆனதும் (மூன்று அவுட்டில்தான் ஒரு அணியின் முறை முடியும்) எழுந்து போவது. 2018 பைனலில் ஆர்கன்ஸா முதல் ஆட்டத்தை ஜெயித்திருந்தது. இரண்டாவதில் ஒன்பதாவது இன்னிங்ஸ், ஆர்கன்ஸா 3-2 முன்னிலை, ஓரிகன் ஸ்டேட்டுக்கு இரண்டு அவுட். ஓரிகன் ஸ்டேட்டின் கேடின் கிரெனியர் அடித்த பந்து முதல் பேஸ் பக்கம் எல்லைக்கோட்டுக்கு வெளியே உயரப் போனது. அதைப் பிடித்தாலும் அவுட்தான், பிடித்தால் ஆர்கன்ஸாவுக்குப் பட்டம். மூன்று பேர் ஓடினார்கள், மூவருக்கும் நடுவில் பந்து தரையில் விழுந்தது. தப்பிய கிரெனியர் அடித்துச் சமன் செய்தார், ட்ரெவர் லார்னக் ஹோம் ரன் விளாசினார், 5-3. மறுநாள் ஓரிகன் ஸ்டேட்டின் முதலாண்டு மாணவர் கெவின் ஏபல் 129 பந்து வீசி, இரண்டே ஹிட் (எதிரணி அடித்து பேஸை எட்டுவது) கொடுத்து, 5-0 என முடித்தார். அந்தத் தொடரில் அது அவருக்கு நாலாவது வெற்றி. அடுத்த ஆண்டு அவருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது.